ஒரு ஆன்லைன் வகுப்பும் 339 டாலர் 80 சென்ட்டும்: கம்யூனிட்டி காலேஜ் மாறிய மாணவியின் நிதி உதவி, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த அம்மா போன் செய்தார். "அக்கா, புது காலேஜ்ல பணத்தை நிறுத்தி வச்சிருக்காங்க. மெயில்ல என்ன எழுதியிருக்குன்னு இவளுக்கே புரியல. பழைய காலேஜ்ல ஏதோ பாக்கியாம். ஃபீஸே கட்டாத காலேஜ்ல என்னக்கா பாக்கி?"

நான் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) நிதி உதவி அலுவலகத்தில் சில வருடம் வேலை பார்த்தவள். இப்போது அந்த வேலையில் இல்லை. தெரிந்த குடும்பங்களுக்கு, நிதி உதவிக்கான மத்திய அரசு விண்ணப்பமான ஃபாஃப்ஸாவை நிரப்ப உதவுவதோடு சரி. அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கு முழுப் பதில் சொல்ல எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் இரண்டு காலேஜ்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

மதுரைப் பக்கத்துக் குடும்பம். அம்மாவின் அண்ணன் போட்ட மனு பல வருடம் கழித்துக் கைகூடி, கிரீன் கார்டோடு வந்தவர்கள். அப்பா சான் ஹோசே பக்கம் ஒரு இந்திய உணவகத்தில் சமையல்காரர். அம்மா மளிகைக் கடையில் பில் போடுகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பை இங்கே முடித்துவிட்டு, 2023 இலையுதிர் காலத்தில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் கணக்கியல் பட்டத்தை முடிப்பது அவளுடைய திட்டம்.

கிரீன் கார்டு இருந்ததால்தான் மத்திய அரசின் உதவிக்கு அவள் தகுதி பெற்றாள். பெற்றோர் வேலை விசாவில் இருக்க, குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த உதவி கிடையாது. நம்மவர் வீடுகளில் இதைப் பற்றி இன்னும் குழப்பம் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

அவளுக்குக் கிடைத்தவை மூன்று கிராண்ட்கள் (கடன் அல்லாத உதவிகள்). முதலாவது, கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட். இது பணமாகக் கைக்கு வராது, பாட அளவான யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் என்ற கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். இரண்டாவது, மத்திய அரசின் பெல் கிராண்ட். வருமானம் குறைந்த குடும்பம் என்பதால் உச்சத்தொகையான 7,395 டாலர், செமஸ்டருக்குப் பாதியாக. மூன்றாவது, மாநில அரசின் கால் கிராண்ட் பி ('கால்' என்பது கலிஃபோர்னியாவின் சுருக்கம்). அதில் அவளுக்கு வருடத்துக்கு 1,648 டாலர் வரை செலவுக்கென்று வந்தது.

முதல் வருடம் 24 யூனிட் எடுத்து 21 தேறினாள். புள்ளியியலில் மூன்று யூனிட் போயிற்று. அந்த மூன்று பின்னால் திரும்ப வரும்.

அக்டோபர் 8

2024 ஆகஸ்ட் 26 அன்று இரண்டாம் வருடம் தொடங்கியது. நான்கு வகுப்புகள், 12 யூனிட். மூன்று வகுப்பு நேரில், ஒன்று முழுக்க ஆன்லைனில். செப்டம்பரில் பெல் பணம் 3,698 டாலர் வங்கியில் விழுந்தது.

அதே மாதம் உணவக முதலாளி சாக்ரமென்டோ பக்கம் புதுக் கிளை திறந்தார். சம்பளம் கொஞ்சம் கூடும், வாடகை நன்றாகக் குறையும், ஆனால் அக்டோபர் இரண்டாம் வாரமே வந்துவிட வேண்டும் என்றார். போகாமல் இருந்தால் வேலை நிற்குமா என்பதும் தெரியாது. புது வீட்டு அட்வான்ஸுக்கு மகளின் பெல் பணத்தில் பெரும்பகுதி போயிற்று. அதில் விதிமீறல் எதுவும் இல்லை. வாடகையும் சாப்பாடும் படிப்புச் செலவில் சேர்ந்தவைதான்.

"ரெண்டு மணி நேரத் தூரம், தினம் எப்படிப் போவ? எல்லாத்தையும் நிப்பாட்டிரு. ஜனவரில அங்க புதுசா சேந்துக்கலாம்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அக்டோபர் 8 இரவு அவள் காலேஜ் போர்ட்டலில் நான்கு வகுப்புகளையும் ஒவ்வொன்றாக விட்டாள். நான்கிலும், விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' விழுந்தது. யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 6 அன்று பழைய காலேஜ் அவளுடைய காலேஜ் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. விலகி வந்துவிட்ட காலேஜின் மெயிலை யார் திறந்து பார்ப்பார்கள்? ஜனவரியில் நான் கேட்ட பிறகுதான் திறந்தாள். கடிதத்தில் இரண்டு தொகைகள் இருந்தன. காலேஜுக்கு 30 டாலர். மத்திய கல்வித் துறைக்கு 339 டாலர் 80 சென்ட். 45 நாளுக்குள் கட்ட வேண்டும், அல்லது தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அந்த 45 நாள் டிசம்பர் 21 அன்றே முடிந்திருந்தது.

அந்தத் தொகை எப்படி வந்தது

பெல் பணம் செமஸ்டரின் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுக்கப்பட்டாலும், மாணவர் அதை நாள் கணக்கில்தான் 'ஈட்டுகிறார்'. எல்லா வகுப்புகளையும் விட்டு விலகினால், செமஸ்டரின் மொத்த நாளில் எத்தனை நாள் படித்தார் என்று காலேஜ் கணக்குப் போட்டாக வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுப் பணமும் அவருடையது. தாண்டாவிட்டால் படித்த நாளுக்கு உரிய பங்கு மட்டுமே.

ஆகஸ்ட் 26 முதல் டிசம்பர் 13 வரை 110 நாள். அக்டோபர் 8 என்பது 44ஆவது நாள். சரியாக 40 சதவீதம். ஆக 3,698 டாலரில் அவள் ஈட்டியது 1,479 டாலர் 20 சென்ட். மீதி 2,218 டாலர் 80 சென்ட் ஈட்டாத பணம்.

அதில் முதல் பங்கைக் காலேஜ் திருப்ப வேண்டும். ஆனால் தான் வசூலித்த கட்டணத்தில், ஈட்டாத பங்கான 60 சதவீதம் வரைதான் அதன் பொறுப்பு. வகுப்புக் கட்டணம் தள்ளுபடியாகிவிட்டதால் இவளிடம் வசூலானது சுகாதாரக் கட்டணம் போன்ற சில்லறைகள், மொத்தம் 50 டாலர். அதில் 60 சதவீதம் 30 டாலர். காலேஜ் அதைக் கட்டிவிட்டு அவள் பேரில் பில் போட்டது. மீதி 2,188 டாலர் 80 சென்ட் மாணவியின் தலையில்.

இந்த இடம் எனக்கு எப்போதும் மனதை உறுத்தும். கட்டணம் இல்லாத காலேஜ் என்பதால்தான் பெல் பணம் முழுதும் பிள்ளையின் கைக்கு வருகிறது. அதே காரணத்தால்தான் திருப்பித் தரும் பொறுப்பும் கிட்டத்தட்ட முழுதும் பிள்ளையின் மேலேயே விழுகிறது. அந்த அம்மா கேட்ட "ஃபீஸே கட்டாத காலேஜ்ல என்ன பாக்கி" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: கட்டணம் இல்லாததால்தான் பாக்கி அவள் பேரில் வந்தது.

நல்லவேளையாகச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அந்த செமஸ்டருக்குப் பெற்ற கிராண்டில் பாதியை மாணவரிடம் திருப்பிக் கேட்கக் கூடாது. 3,698இல் பாதி 1,849. அதைக் கழித்தால் 339 டாலர் 80 சென்ட்.

இதே கணக்கைத் தேதி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 19 அன்று விலகியிருந்தால் அது 55ஆவது நாள், சரிபாதி. கல்வித் துறைக்கு அவள் ஒரு சென்ட்கூடத் தர வேண்டியிருக்காது. அக்டோபர் 31 வரை இருந்திருந்தால் 67ஆவது நாள். 60 சதவீதம் தாண்டிவிடும், காலேஜுக்கும் எதுவும் இல்லை. அக்டோபர் 19க்கு இருந்தது பதினொரு நாள்தான்.

ஒரே ஒரு வகுப்பு

ஆனால் இந்த நிகழ்வின் மையம் தேதி அல்ல. அந்த நான்காவது வகுப்பு.

மேலே சொன்ன கணக்கு முழுவதும் 'எல்லா வகுப்புகளையும் விட்டவருக்கு' மட்டும்தான். ஒரே ஒரு வகுப்பில் கடைசிவரை இருந்தாலும் அவர் விலகியவர் ஆகமாட்டார். அவள் நான்கு வகுப்புகளுக்கும் போகத் தொடங்கியிருந்தாள். அந்தக் காலேஜில் பெல் தொகை செப்டம்பரில் மாணவர் எண்ணிக்கை எடுக்கும் சென்சஸ் நாளோடு உறுதியாகிவிடும். அதன்பின் யூனிட் குறைந்தாலும் தொகை குறையாது. பல காலேஜ்களில் இதுதான் நடைமுறை. ஆக நேரில் போக வேண்டிய மூன்று வகுப்புகளை மட்டும் விட்டுவிட்டு, அந்த ஆன்லைன் வகுப்பைப் புது வீட்டிலிருந்தே முடித்திருந்தால் 30 டாலரும் இல்லை, 339 டாலர் 80 சென்ட்டும் இல்லை. கடிதமே வந்திருக்காது. அதோடு மூன்று யூனிட்டும் கையில் இருந்திருக்கும்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த கிளாஸ்ல எனக்கு 'ஏ' வந்துட்டு இருந்துச்சு ஆன்ட்டி" என்றாள்.

பழைய காலேஜின் நிதி உதவி அலுவலகத்துக்கு விலகும் முன் ஒரு போன் போட்டிருந்தால் இதை அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன். என் அனுபவத்தில் இந்தக் கேள்வி வந்தால் முதலில் கேட்கப்படுவது "ஆன்லைனில் ஏதாவது வகுப்பு இருக்கிறதா" என்பதுதான். ஆனால் போர்ட்டலில் வகுப்பை விடும் பொத்தானை அழுத்தும்போது இந்தப் பணக் கணக்கு எதுவும் திரையில் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வகுப்புக்குப் போகாமல் சும்மா இருந்துவிடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். அது இதைவிட மோசம். எல்லாப் பாடத்திலும் 'எஃப்' விழும், மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. தரைமட்டமாகும், அதுவும் விலகலாகவே கணக்கிடப்படும்.

புதிய காலேஜில்

நிதி உதவி தானாகக் கூடவே வந்துவிடும் என்று குடும்பம் நினைத்திருந்தது. அப்படி வராது. ஃபாஃப்ஸாவை வருடத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், உண்மை. ஆனால் புதுக் காலேஜின் குறியீட்டு எண்ணை அதில் சேர்த்தால்தான் தகவல் அங்கே போகும். இருபது காலேஜ் வரை சேர்க்கலாம், பழையதை நீக்கத் தேவையில்லை. இவள் ஜனவரியில், வகுப்பு தொடங்கிய வாரத்தில்தான் சேர்த்தாள். நவம்பரிலேயே சேர்த்திருந்தால் பாக்கிப் பிரச்சினை 45 நாள் கெடுவுக்குள்ளேயே வெளியே வந்திருக்க வாய்ப்பு இருந்தது.

பணம் நின்றதன் காரணம் இது: கெடு முடிந்ததும் பழைய காலேஜ் பாக்கியைக் கல்வித் துறையின் வசூல் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. அது தேசியத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். நாட்டில் எந்தக் காலேஜில் சேர்ந்தாலும், அதைத் தீர்க்கும்வரை மத்திய அரசின் உதவி கிடைக்காது. கால் கிராண்டும் கிடைக்காது. கட்டணத் தள்ளுபடிக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. அதனால்தான் அவள் 12 யூனிட்டுக்குப் பதிவு செய்ய முடிந்தது. (வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தால் இந்தத் தள்ளுபடியும் இருந்திருக்காது.)

முதல் வேலையாகப் பணத்தைக் கட்டச் சொன்னேன். தவணை கேட்கலாம், ஆனால் முழுதாகக் கட்டிவிட்டால் பதிவு சீக்கிரம் நீங்கும். மாமா கொடுத்த பணத்தில் பிப்ரவரி முதல் வாரம் கட்டினார்கள். ரசீதை அன்றே புதுக் காலேஜ் அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். செமஸ்டர் முடியுமுன் தகுதி திரும்பிவிட்டால் அந்த செமஸ்டரின் பெல் கிடைக்கும். அதனால் மனம் தளர வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பழைய காலேஜின் 30 டாலரையும் கட்டிவிட்டாள். அந்தப் பாக்கிக்காக மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைப்பார்களோ என்று பயந்தாள். கலிஃபோர்னியாவில் 2020 முதல் அப்படிப் பிடித்து வைப்பது சட்டப்படி கூடாது.

கால் கிராண்டுக்குத் தனி வழி. மாநில மாணவர் உதவி ஆணையத்தின் இணையக் கணக்கில் போய், காலேஜ் மாறிவிட்டதை மாணவரே பதிவு செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதை விட்டால் பணம் பழைய காலேஜின் பட்டியலிலேயே கிடக்கும்.

படிப்பு முன்னேற்றக் கணக்கு

இனிதான் அந்தப் புள்ளியியல் பாடம் திரும்ப வருகிறது. மத்திய உதவி பெறுபவர் 'திருப்திகரமான முன்னேற்றம்' காட்ட வேண்டும். ஜி.பி.ஏ. 2.0 இருக்க வேண்டும் என்பது பரவலாகத் தெரியும். எடுத்த யூனிட்டில் சுமார் 67 சதவீதம் தேறியிருக்க வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாது. 'டபிள்யூ' ஜி.பி.ஏ.வைத் தொடாது, ஆனால் இந்தக் கணக்கில் எடுத்த யூனிட்டாகவே நிற்கும்.

அவள் எடுத்தவை 24, பிறகு 12, ஆக 36. தேறியவை 21. அது 58 சதவீதம். (ஆன்லைன் வகுப்பை முடித்திருந்தால் 24, அதாவது சரியாக மூன்றில் இரண்டு.) மாறி வரும் மாணவரின் பழைய யூனிட்டில் தாங்கள் ஏற்றுக்கொண்டவற்றை மட்டும் எண்ணும் காலேஜ்கள் உண்டு. அங்கே இவள் கணக்கு நூற்றுக்கு நூறு. இவள் சேர்ந்த காலேஜ் எல்லாப் பட்டியலையும் முழுதாக எண்ணியது. அதனால் உதவி தொடர அவளிடம் மேல்முறையீட்டுக் கடிதம் கேட்டார்கள். எந்த முறை என்பது ஒவ்வொரு காலேஜின் இணையதளத்திலும் முன்னேற்றக் கொள்கைப் பக்கத்தில் எழுதியிருக்கும். மாறும் முன் படிக்க வேண்டிய ஒரே பக்கம் எது என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் அவள் எழுதிய கடிதம் நம் ஊர்ப் பள்ளி விடுப்புக் கடிதம் போலவே இருந்தது. மரியாதையான வணக்கம், நான்கு இடத்தில் மன்னிப்பு, பணிவான வேண்டுகோள். காரணம் மட்டும் "குடும்பச் சூழ்நிலை" என்ற இரண்டே சொல்லில். வளர்ப்பு அப்படி, வீட்டுக் கஷ்டத்தை வெளியே விரித்துச் சொல்ல அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்தவள் என்ற முறையில் சொன்னேன்: அவர்களுக்கு மன்னிப்பு தேவையில்லை. என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டும்தான் தேவை. ஏனென்றால் விதிமுறை அந்த இரண்டைத்தான் கேட்கிறது.

திரும்ப எழுதினாள். அப்பாவின் வேலை எந்தத் தேதியில் எங்கே மாறியது, வீடு எப்போது மாறியது, தூரம் எவ்வளவு. கூடவே முதலாளியின் கடிதம், புது வாடகை ஒப்பந்தம். இப்போது மாறியிருப்பது: காலேஜ் பஸ்ஸில் இருபது நிமிடம், வகுப்புகள் எல்லாம் ஒரே நேர அட்டவணையில், கவுன்சலருடன் உட்கார்ந்து போட்ட படிப்புத் திட்டம். ஒன்றரைப் பக்கம். மார்ச் நடுவில் ஏற்றுக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு: இந்த செமஸ்டரில் எடுத்த எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும்.

பழைய காலேஜில் 'டபிள்யூ'வை 'ஈ.டபிள்யூ' (ஏற்கத்தக்க காரணத்தோடு விலகல்) என்று மாற்றக் கேட்டும் ஒரு மனு போட்டாள். வேலை மாற்றம் போன்ற கையை மீறிய காரணங்களுக்குக் கலிஃபோர்னியாவில் அந்த வழி உண்டு. பெல் கணக்கில் அதனால் பெரிய பயன் இல்லை. காலேஜின் சொந்தப் படிப்பு எச்சரிக்கைக் கணக்கிலிருந்து அந்த யூனிட்கள் நீங்கும், அதனால் போடுவது நல்லது.

மார்ச் கடைசி வாரம் பணம் வந்தது. பெல் 3,697. கால் கிராண்ட் 824. கால் கிராண்டோடு முழுநேரம் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு மாநிலம் தரும் ஸ்டூடண்ட் சக்ஸஸ் கம்ப்ளீஷன் கிராண்ட் 1,298. மொத்தம் 5,819 டாலர். 339 டாலர் 80 சென்ட் அடைத்துக்கொண்டு நின்ற தொகை இது. அதுவரை இரண்டு மாதம் புத்தகம் வாங்காமல் நூலகத்தில் உட்கார்ந்தே படித்திருக்கிறாள்.

கடன் இருந்திருந்தால்

இவளுக்குக் கல்விக் கடன் இல்லை. இருந்திருந்தால் அதுவும் காலேஜோடு மாறாது. பழைய காலேஜ் மீதித் தவணையை ரத்து செய்ய வேண்டும், புதுக் காலேஜ் அந்த வருடத்து உச்சவரம்பில் மிச்சம் இருப்பதை வைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். சில கம்யூனிட்டி காலேஜ்கள் மத்தியக் கடன் திட்டத்தில் இல்லவே இல்லை என்பதால் அதையும் முன்பே பார்க்க வேண்டும். பாதிநேரத்துக்கும் கீழே, அதாவது ஆறு யூனிட்டுக்குக் குறைந்த நாளிலிருந்து ஆறு மாதச் சலுகைக் காலம் ஓடத் தொடங்கும். அதற்குள் திரும்பச் சேர்ந்துவிட்டால் தவணை தொடங்காது.

இப்போது

மே மாத முடிவில் 12 யூனிட்டும் தேறினாள். 48க்கு 33. அது 68.75 சதவீதம். ஒரு பாடம் போயிருந்தால் 62.5இல் நின்றிருக்கும், திரும்ப மேல்முறையீடு.

பெல் கிராண்டுக்கு ஆயுள் வரம்பு 600 சதவீதம், ஒரு முழு வருடம் 100 என்று கணக்கு. முதல் வருடம் 100 போயிற்று. ஒரு யூனிட்கூடத் தராத அந்த இலையுதிர் செமஸ்டர் சுமார் 45 எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த வசந்த செமஸ்டர் 50. கோடையில் ஆறு யூனிட் எடுத்தாள். ஒரே வருடத்தில் 150 சதவீதம் வரை பெற அனுமதி இருப்பதால் அதற்கும் பெல் வந்தது, அது 25. மீதி 380. ஸ்டேட் யுனிவர்சிட்டியில் அவளுக்குத் தேவைப்படப்போகும் இரண்டு வருடத்துக்கு அது தாராளம்.

கோடையில் எடுத்த இரண்டு பாடத்தில் ஒன்று புள்ளியியல். இந்த முறை 'பி' வாங்கியிருக்கிறாள். பழைய காலேஜின் மெயிலையும் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறாள்.